நிச்சயத்துக்கு முன்பு நாங்கள் பேசிய ஆங்கிலம்

என் மாமா ஒரே ஒரு சொல்லை விழுங்கினார். அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

ஆனி மாதத்தில் என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். கூட்டேரிப்பட்டில் நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. மாப்பிள்ளை வீட்டார் விழுப்புரம். காபித் தட்டை நீட்டிவிட்டு நான் நிமிர்வதற்குள் மாப்பிள்ளையின் அம்மா, "எங்கம்மா வேலை செய்யற?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் அம்மாவின் தம்பி முந்திக்கொண்டார்.

"திண்டிவனத்துலங்க. இங்கிலீஷ் மீடியத்துல டீச்சரு."

அது பொய்யில்லை. நான் வேலை பார்ப்பது ஆங்கிலவழிப் பள்ளிதான். ஆனால் அங்கே நான் தமிழ் டீச்சர். 'தமிழ்' என்ற அந்தச் சொல்லை மட்டும் மாமா வாயிலிருந்த மிக்சரோடு சேர்த்து விழுங்கிவிட்டார். மாப்பிள்ளையின் சித்தப்பாவும் சும்மா இருக்கவில்லை. "எங்க பையன் ரயில்வேல சிக்னல் செக்‌ஷனு. அவங்க ஆபீஸ்ல மூச்சு விட்டா இங்கிலீஷ்தான்" என்றார். மாப்பிள்ளை தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அடக்கமான ஆள் என்று நினைத்தேன். அது அடக்கமில்லை, பயம் என்பது எனக்கு ஆவணியில்தான் தெரிந்தது.

இரண்டு பக்கமும் பிடித்துப்போய்ப் பூ வைத்தார்கள். உடனே ஆடி பிறந்துவிட்டதால் நிச்சயதார்த்தத்தை ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். நடுவில் இருந்த நாற்பது சொச்சம் நாளில் ஒருவரையொருவர் பார்க்க வழியில்லை. போன் எண்களை மட்டும் மாமா மாற்றிக் கொடுத்தார்.

எங்கள் பள்ளியில் வகுப்பறைக்கு வெளியே காலை வைத்தால் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று விதி. தமிழ் டீச்சருக்கும் அதில் விலக்கில்லை. ஆறு வருடமாக நான் ஐந்தே வாக்கியங்களை வைத்து அந்த நடைபாதையைக் கடந்துகொண்டிருந்தேன். 'கீப் கொயட்', 'கோ டு யுவர் கிளாஸ்', 'எஸ் சார்', 'டுமாரோ சார்', 'ஹேண்ட் வாஷ் பண்ணியா'. ஐந்தாவதை ஆங்கிலம் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் யாரும் தடுத்ததுமில்லை.

மூன்றாம் நாள் அவரிடமிருந்து முதல் செய்தி வந்தது. முழுக்க ஆங்கில எழுத்து. "ஹலோ மிஸ். ஹௌ டூ யூ டூ?"

திண்டிவனம் போகும் பேருந்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி அதைப் பதினைந்து தடவையாவது படித்திருப்பேன். 'வாட் டூ யூ டூ' என்றால் என்ன வேலை செய்கிறாய் என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் 'ஹௌ டூ யூ டூ' என்றால் அந்த வேலையை எப்படிச் செய்கிறாய் என்றுதானே அர்த்தம்? எனக்கு ஒரே வியப்பு. பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் சமைக்கத் தெரியுமா என்று கேட்பார்கள். இவர் பாடம் எப்படி நடத்துகிறாய் என்று கேட்கிறார். எப்பேர்ப்பட்ட மனிதர். யோசித்து யோசித்து, பேருந்தை விட்டு இறங்குவதற்குள் பதில் போட்டேன். "வித் சாக் அண்ட் போர்டு."

பத்து நிமிடத்தில் மறுபடி போன் அதிர்ந்தது. "வெரி ஃபைன்."

எனக்குத் தெரிந்த ஃபைன் ஒன்றே ஒன்றுதான். நேரம் கழித்து வருகிற பிள்ளைகளுக்கு அலுவலகத்தில் போடுவார்களே, அது. நான் என்ன தப்பு செய்தேன் என்று முதல் பீரியட் முழுக்க மனசு அடித்துக்கொண்டது. இடைவேளையில், இரண்டு டீச்சர்கள் 'ஹௌ ஆர் யூ', 'ஃபைன்' என்று சொல்லிக்கொண்டு என்னைக் கடந்து போனார்கள். ஆறு வருடமாகக் காதில் விழுந்த சொல்தான். அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்து, நடைபாதையிலேயே நின்று சிரித்தேன்.

அதற்குப் பிறகு தினமும் செய்திதான். போன் சாக்பீஸ் டப்பாவுக்குள் இருந்தது. அது அதிரும்போது சாக்பீஸ்களும் சேர்ந்து உருண்டன. முன்வரிசைப் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தே, "மிஸ், இன்னிக்கு டெஸ்ட் வேணாம் மிஸ்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நானும் வேண்டாம் என்றே சொன்னேன். அந்த ஆடி மாதம் ஏழாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு ஒரு தேர்வும் நடக்கவில்லை.

நேரே போன் பண்ணித் தமிழில் பேசியிருக்கலாமே என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். கூச்சம் ஒரு பக்கம். பேசினால் ஆங்கிலத்தில் பேசிவிடுவாரோ என்ற பயம் இன்னொரு பக்கம். எழுத்தென்றால் யோசித்துப் பதில் போடலாம். பேச்சில் அந்த வசதி ஏது?

ஒரு நாள் சாயங்காலம் "ஐ வில் கேட்ச் யூ லேட்டர்" என்று வந்தது. போனிலேயே மொழிபெயர்க்கும் வசதி இருக்கிறதே என்று அதில் போட்டுப் பார்த்தேன். 'எனக்கு உன்னைப் பிறகு பிடிக்கும்' என்று காட்டியது. அப்படியானால் இப்போது பிடிக்கவில்லையா? பிறகு என்றால் எப்போது, கல்யாணத்துக்குப் பிறகா? கேழ்வரகுக் களியைத் தட்டில் வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "துன்னாம இன்னாத்துக்குக் களியக் குத்திக்கினே இருக்கற?" என்றார். மறுநாள் காலை அவரே குட்மார்னிங் போட்டு, கூடவே ஒரு ரோஜாப்பூவும் அனுப்பியபிறகுதான் களி செரித்தது.

அன்றோடு போனின் மொழிபெயர்ப்பை நம்புவதை விட்டேன். பள்ளி நூலகத்தில் செங்கல் கனத்துக்கு ஓர் ஆங்கிலம்-தமிழ் அகராதி இருந்தது. அதை எடுத்து என் அலமாரியில் வைத்துக்கொண்டேன். அது வேறு விதமான தொல்லை. 'ரன்' என்ற ஒரு சின்னச் சொல்லுக்கு இரண்டு பக்கம். ஓடுவது, கடை நடத்துவது, தேர்தலில் நிற்பது, மூக்கு ஒழுகுவது, சாயம் போவது எல்லாமே 'ரன்' தானாம். ஓடுவதும் நிற்பதும் எப்படி ஒரே சொல்லாக இருக்க முடியும் என்று எனக்கு வெள்ளைக்காரன்மேல் கோபமே வந்தது.

அந்த வாரம் ஏழாம் வகுப்பில் நான் நடத்திக்கொண்டிருந்த பாடம், ஒரு சொல் பல பொருள். படி என்றால் வாசி, படி என்றால் மாடிப்படி, படி என்றால் அரிசி அளக்கிற படி, சொன்னபடி கேள் என்பதிலும் படி. பிள்ளைகள் ஒருவர்கூடத் தடுமாறவில்லை. 'படியில உக்காந்து படி' என்று ஒருத்தி சொல்ல, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். நம் வாயில் புழங்குகிற சொல் எத்தனை வேடம் போட்டாலும் அடையாளம் தெரிந்துவிடுகிறது. அடுத்த வீட்டுச் சொல் சட்டையை மாற்றினாலே ஆள் யாரென்று தெரியவில்லை.

ஆடிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாம் மாடியில் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். டப்பா அதிர்ந்தது. "மிஸ், ஐ ஆம் டவுன் வித் ஃபீவர்."

இதற்கு அகராதி தேவைப்படவில்லை. டவுன் என்றால் கீழே, ஃபீவர் என்றால் காய்ச்சல். காய்ச்சலோடு கீழே வந்து நிற்கிறார். விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு, காய்ச்சலோடு, என்னைப் பார்க்க. வகுப்புத் தலைவியிடம் "கீப் கொயட்" என்று சொல்லிவிட்டு நான் இறங்கிய வேகத்தில் ஒரு செருப்பு முதல் மாடியிலேயே நின்றுவிட்டது.

கீழே வாயிலில் வாட்ச்மேன் மட்டும் இருந்தார். "யாரம்மா தேடற?" என்றார்.

"காய்ச்சலா ஒருத்தரு வந்திருக்காராமே, எங்க?"

"தோ, அவருதான்" என்று வேப்பமரத்தடியைக் காட்டினார். அங்கே ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு ஒருவர் நின்றிருந்தார். ஹெல்மெட் போட்டிருந்ததால் முகம் தெரியவில்லை. நான் ஒற்றைச் செருப்போடு கிட்டே போய், எப்படி வந்தது அந்தத் தைரியமோ, "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டேன்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். நரைத்த மீசை. "எனக்கில்ல மிஸ். மூணாவது படிக்கிற எம் பொண்ணுக்குதான் காய்ச்சலுன்னு ஆபீஸ்லருந்து போன் பண்ணாங்க. இட்டுக்கினு போவலாமுன்னு வந்தேன்."

"நல்லா பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். வேறென்ன சொல்ல முடியும்?

ஆசிரியர் அறையில் எங்கள் இங்கிலீஷ் மிஸ்ஸிடம், ஏதோ பாடப்புத்தகத்தில் வந்த வாக்கியம்போல இதைக் கேட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தங்கமான மனுஷி. "டவுன் வித் ஃபீவர்னா காய்ச்சல்ல படுத்துக்கினு இருக்கறதும்மா. மாடியில படுத்திருந்தாலும் டவுன்தான். வார்த்தையத் தனித்தனியா பாக்காத, சேத்துப் பாரு. ரெண்டு வார்த்தை சேந்துச்சுனா மூணாவதா ஒரு அர்த்தம் வந்துடும்" என்றார்.

நல்ல அறிவுரை. நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். வினை அங்கேதான் வந்தது.

ஆவணி பிறந்தது. நிச்சயத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. வாசலில் அப்பா மல்லாட்டையை, நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம், காயப் பரப்பிக்கொண்டிருந்தார். பள்ளிக்குக் கிளம்பத் தலைவாரிக்கொண்டிருந்தேன். செய்தி வந்தது. "டியர் மிஸ். ஃப்ரைடே சாட்டர்டே எங்கேஜ்மெண்ட். கால் ஆஃப். சாரி."

அகராதி அன்றைக்கு வீட்டில்தான் இருந்தது. எங்கேஜ்மெண்ட், நிச்சயதார்த்தம். அது தெரிந்ததுதான். 'கால்' என்றால் கூப்பிடுவது. 'ஆஃப்' தெரியும். தனித்தனியாகப் பார்க்கக் கூடாதே என்று சேர்த்துத் தேடினேன். 'கால் ஆஃப்: கைவிடு, ரத்து செய்' என்று கறுப்பு எழுத்தில் இருந்தது. கடைசிச் சொல்லுக்கு அகராதி வேண்டியிருக்கவில்லை.

வெள்ளி, சனியில் ஏன் நிச்சயம் என்றெல்லாம் எனக்குத் தோன்றவேயில்லை. சீப்பு கையிலேயே இருக்க, வாசலுக்கு வந்து நின்றேன். அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா, மூஞ்சி ஏன் இப்டிக் கீது?"

"நிச்சயத்த நிறுத்திட்டேன்னு போட்டிருக்காருப்பா."

அப்பா மல்லாட்டை நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா உள்ளிருந்து ஓடிவந்தார். மாமாவுக்குத் தகவல் போய், அடுத்த கால்மணி நேரத்தில் பைக்கில் வந்து இறங்கினார். மாப்பிள்ளைக்குப் போன் போட்டால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. சித்தப்பாவின் எண் ஒன்றுதான் எங்களிடம் இருந்த இன்னொரு எண். மாமா அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "எங்கேஜ்டா கீது" என்றார்.

"இப்ப எங்கேஜ்டா இருந்து இன்னா பண்றது?" என்றார் அப்பா. "சிக்னல்லயே வேலை பாக்கற ஆளு. ஒரு சிக்னலும் குடுக்காம இப்டிப் பண்ணிட்டாரே."

நேரிலேயே போய்க் கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. நானும் வருவேன் என்றேன். நிச்சயத்துக்கு முன்னே பெண் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று அம்மா குறுக்கே நின்றார். "அது இங்கிலீஷ்ல இருக்குதும்மா. அங்க போயி யாரு படிச்சிச் சொல்றது?" என்றேன். அம்மா வழிவிட்டார். இப்படி, தப்பாகப் படித்தவளே விளக்கிச் சொல்லவும் கிளம்பினேன். போகிற இடத்துக்குச் சண்டைக்கானாலும் வெறுங்கையோடு போகக் கூடாதாம். அம்மா ஒரு பை நிறைய மல்லாட்டையை அப்பாவின் கையில் கொடுத்தார்.

மூன்று பேரும் விழுப்புரம் பேருந்தில் ஏறினோம். விக்கிரவாண்டி தாண்டும்வரை பாட்டு சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. நாற்பது நாளாக ரோஜாப்பூ அனுப்பிவிட்டு, மூன்று வரியில் முடித்துவிட்டாரே, நேரில் பார்த்தால் ஆங்கிலத்திலேயே நாலு கேட்க வேண்டும் என்று, எனக்குத் தெரிந்த ஐந்து வாக்கியங்களையும் மனதுக்குள் புரட்டிக்கொண்டே போனேன். 'கோ டு யுவர் கிளாஸ்' மட்டும் கொஞ்சம் பொருத்தமாகத் தோன்றியது.

விழுப்புரத்தில் அவர்கள் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் பாய் விரித்து, அவருடைய அம்மா பதினோரு தாம்பாளங்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். ஒன்றில் மாம்பழ நிறத்தில் பட்டுப்புடவை. ஒன்றில் வளையல். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பிறகு என்னையும் கூடப் பார்த்துக் குழம்பியது.

"வாங்க சம்பந்தி. இன்னா, சொல்லாம கொள்ளாம? வாம்மா, உக்காரு. தட்டுங்கள பாத்துட்டியா நீ, ஞாயித்துக்கெழம பாக்க வேண்டியதாச்சே."

அப்பா தட்டுகளைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், மல்லாட்டைப் பையை நீட்டினார். மாமாதான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "இல்லீங்க, உங்க பையன் காலைல இங்கிலீஷ்ல ஒன்னு அனுப்பிச்சிக்கிறாரு. அதக் கேட்டுட்டுப் போவலாமுன்னு."

"யாரு, எம் பையனா? இங்கிலீஷ்லயா?" அந்த அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். "அவன் பன்னெண்டாவதுல இங்கிலீஷ மட்டும் ரெண்டு தரம் எழுதி பாஸ் பண்ணவனாச்சே."

மாமா என்னைப் பார்த்தார். நான் புடவைத் தட்டைப் பார்த்தேன்.

திருச்சியில் இரண்டு நாள் பயிற்சி, அதிகாலை ரயிலில் போயிருக்கிறான், அங்கே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்றார் அந்த அம்மா. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவானாம். கூப்பிட்டார். வேறு யாரோ ஒருவருடைய போனிலிருந்து. அவருடைய அம்மா ஒலியைக் கூட்டி, போனைத் தட்டுகளுக்கு நடுவில் வைத்தார்.

"டேய், நிச்சயத்த நிறுத்திட்டன்னு எழுதனியாடா?"

"நிறுத்தறதா? யாரும்மா சொன்னது? வெள்ளி, சனி எனக்கு வேலை இருக்குது, போன் ஆஃப்ல இருக்கும்னுதான் எழுதனேன். வேலைன்னு சாதாரணமா எழுதாத, பெரிய மனுசனுங்க எங்கேஜ்மெண்ட்னுதான் சொல்லுவாங்கன்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தன் சொன்னான். கால் வராது, ஆஃப்ல இருக்கும். அதான் கால் ஆஃப்." குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "ஏம்மா, அவங்க தப்பா எடுத்துக்கினாங்களா? இங்கிலீஷ் டீச்சராச்சே, கரெக்டா புரிஞ்சிக்குவாங்கன்னு நெனச்சேன்."

அப்பாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று நான் பயந்து பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தார். மாமா எழுந்து, தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைப் பக்கம் போய்விட்டார். நான் போனைக் கையில் எடுத்தேன். அன்றுதான் அவரோடு முதல்முதலாகப் பேசுகிறேன்.

"நாந்தாங்க பேசறேன். நான் இங்கிலீஷ் டீச்சரு இல்ல. தமிழ் டீச்சரு."

அந்தப் பக்கம் கரண்டிச் சத்தமும் யாரோ சாம்பார் கேட்பதும் மட்டும் கேட்டது.

"நெஜமாவா?" என்றார்.

"நெஜமாத்தாங்க. ஆத்திசூடி, கொன்றைவேந்தன் எல்லாம் சொல்லுவேன். இங்கிலீஷ் வராது."

"ஐயோ மிஸ்," என்றார், "ஒரு மெசேஜுக்கு நான் மூணு பேரக் கெஞ்சிக்கினு இருந்தேன். நீங்க சாக் அண்ட் போர்டுன்னு எழுதனீங்களே, அது ரொம்பப் பெரிய எடத்து ஜோக்குன்னு சொன்னானுங்க. ஆபீஸ்ல எல்லாருகிட்டயும் காட்டினேன்."

அவர் அங்கே சிரிக்க, நான் இங்கே சிரிக்க, யாருடைய போனோ அந்த மனிதர் "சீக்கிரம் குடுங்க சார், பெல் அடிச்சிட்டாங்க" என்று சொல்வது கேட்டது. என் அத்தை, அதற்குள் அவர் எனக்கு அத்தையாகிவிட்டார், மல்லாட்டையை வேகவைத்துக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். அதைத் தின்று, சாப்பாடும் சாப்பிட்டுவிட்டுத்தான் எங்களை விட்டார். திரும்புகிற பேருந்தில் மாமா நெஞ்சை நிமிர்த்தி, "நான் பொய்யே சொல்லலையே. இங்கிலீஷ் மீடியத்துல டீச்சருன்னுதான சொன்னேன்" என்று அப்பாவிடம் மூன்று தடவை சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலம் போனை வாங்கியதும் அவர் கூப்பிட்டார். தமிழில் பேசினோம். என்ன பேசினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. விழுப்புரத்தில் எந்தக் கடையில் பரோட்டா நன்றாக இருக்கும், எங்கள் வீட்டு மாட்டுக்கு என்ன நிறம், இப்படித்தான். இதற்கா நாற்பது நாள் அகராதியைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம் என்று தோன்றியது. அம்மா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் நடந்தது. மாம்பழ நிறப் பட்டு எனக்குப் பொருத்தமாகவே இருந்தது. தாம்பூலம் மாற்றி, பத்திரிகை வாசித்து, எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். மயிலத்திலிருந்து வந்திருந்த போட்டோகிராபர் நாங்கள் விலகி விலகி நின்றதைப் பார்த்து, "சார், க்ளோஸ்" என்றார். மாப்பிள்ளை கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"சார், க்ளோஸ் சார், இன்னும் க்ளோஸ்."

அவர் இன்னும் இறுக்கமாக மூடினார். புருவமெல்லாம் சுருங்கிவிட்டது. எனக்கு அடக்க முடியவில்லை. போட்டோகிராபர் அந்த நொடியில் அமுக்கிவிட்டார். ஆல்பத்தில் முதல் பக்கத்தில் இப்போதும் அந்தப் படம்தான். அவர் தியானத்தில் இருப்பவர்போல நிற்கிறார், நான் கடைவாய்ப்பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். நல்லதாக வேறு ஒன்றை வைக்கச் சொன்னார்கள். நாங்கள் இருவருமே ஒத்துக்கொள்ளவில்லை.